காலி பாட்டிலால் ஓடிய வேன்

அந்த யோசனை எனக்கு ஒரு மாம்பழச் சாற்று டப்பாவிலிருந்து வந்தது.

அடையாறு பாலத்தின் மேல் ஒரு பழைய பெட்ரோல் வேன் நின்றுபோயிருந்தது. உள்ளே, வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவில் நான் நசுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த தனம் அக்கா, பையிலிருந்து ஒரு சின்ன அட்டை டப்பாவை எடுத்து நீட்டினார்.

"குடி பாப்பா. எங்க வூட்டம்மா பையன் பர்த்டேல மிஞ்சினது. இன்னிக்கு இங்கதான் நமக்கு நாஸ்டா."

ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சினேன். கொஞ்சம் வந்தது. பிறகு டப்பாவின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொண்டன, சாறு நின்றது. வாயை எடுத்தேன். டப்பா 'ப்ளக்' என்று மூச்சு வாங்கி உப்பியது. மறுபடி உறிஞ்சினேன், வந்தது. அதே நேரத்தில் வெளியே, வேனை ஓட்டும் அமுதா அக்கா பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி, மூடி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வேன் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

நான் டப்பாவைப் பார்த்தேன். பெட்ரோல் டாங்க் மூடி இருந்த பக்கத்தைப் பார்த்தேன். மறுபடி டப்பாவைப் பார்த்தேன். தனம் அக்கா, "இன்னா, கெட்டுப்போச்சா?" என்றார்.

நம் மெக்கானிக் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்றும் ஓய்வு பெற்றவள் இல்லை. உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தவள், அவ்வளவுதான். பணி அனுபவம் எழுதும் வயதா இது என்று நம் முதலாளி நைனா கேட்கிறார். வயதான பிறகு எழுதினால் செய்த குறும்பெல்லாம் மறந்து தத்துவம் மட்டும் மிஞ்சும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். எண்ணெய்த் துணியை என் மேல் எறிந்தார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அமுதா அக்காவின் கதையைச் சொன்னால்தான் வேனின் கதை புரியும். அவர்கள் குடும்பம் ஆற்றங்கரையில் இருந்தது. குடிசைகளை எடுத்தபோது எல்லோரையும் நகரத்துக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். வீடு அங்கே போனது, வேலை இங்கேயே நின்றது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் போகிற பெண்கள், விடிவதற்குள் இரண்டு பஸ் மாறி வரவேண்டியிருந்தது. அமுதா அக்கா பழைய வேன் ஒன்றை வாங்கினார், ஓட்டவும் கற்றுக்கொண்டார். காலையில் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு வந்து இறக்கி, மாலையில் அள்ளிக்கொண்டு போவார்.

அந்த வேன்தான் நிற்க ஆரம்பித்தது. எப்போதாவது என்று தொடங்கி, பிறகு தினமும். தனம் அக்கா வேலை செய்யும் வீட்டில், இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் நிலைமையும் அதை ஒட்டித்தான். மூர்த்தி என்ற ஆள் வேறு, புது பெயிண்ட் அடித்த வேனை பெண்கள் ஏறும் அதே தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தி, "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி அமுதா அக்காவிடம் முடிவைச் சொல்லிவிட்டார்கள்: சனிக்கிழமை வரை பார்ப்பார்கள். திங்களிலிருந்து மூர்த்தி வேன். ஆள் போனால் வேனை உடைக்கத்தான் போடவேண்டும், வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.

நம் ஷெட்டில் என்ன செய்தோம்? எல்லாம் செய்தோம். ஃபில்டர் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். பம்ப் போய்விட்டது என்று நைனா சொன்னதால் பம்பும் புதிது. ஒவ்வொரு முறையும் வேன் ஷெட்டில் மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நிற்கும், ஒரு தும்மல் இருக்காது. மறுநாள் பாலத்தில் படுத்துவிடும்.

"வண்டிக்கு நம்ம ஷெட்டு ரொம்ப புடிச்சிருக்கு அமுதா," என்றார் நைனா.

"அப்ப நீயே கட்டிக்க நைனா. நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எரிபொருள் கோளாறு என்று ஒரு வண்டி வந்தால் நாம் முதலில் செய்கிற வேலை என்ன? மூடியைத் திறந்து, டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது. எல்லா ஷெட்டிலும் அப்படித்தான். அந்தப் பழக்கம்தான் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. நோயாளியை வாசலிலேயே குணமாக்கிவிட்டு, உள்ளே படுக்கவைத்து நோயைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை நானே செம்மஞ்சேரிக்குப் போய், வேலைக்குப் போகும் பெண்களோடு ஏறி உட்கார்ந்தேன். ஸ்பானர் எடுத்துப் போகவில்லை. வண்டி வழக்கமாக எப்படி ஓடுமோ அப்படி ஓடட்டும், யாரும் எதையும் தொடக்கூடாது என்பதுதான் திட்டம். பாலத்தில் நின்றது. டப்பா கைக்கு வந்தது.

வேன் மறுபடி ஓட ஆரம்பித்ததும் முன்பக்கம் எட்டிக் கேட்டேன்.

"அக்கா, டாங்க் நெறைய பெட்ரோல் இருந்தா எப்படி ஓடும்?"

"அத்த கேக்காத. ரொம்ப போட்டா மத்திய கைலாஷ் கூட தாண்டாது. கம்மியா கீதுன்னா பாலம் வரைக்கும் வரும். அதான் நான் கம்மியா போட்டுக்கினு, பாட்டில்ல எடுத்துக்கினு வரேன். பசிக்கும்போது ஒரு வாய் ஊத்தினா கெளம்பிடுது."

"எங்க மாமியாரு மாதிரி," என்றார் தனம் அக்கா. "வயிறு ரொம்பினா அப்பிடியே படுத்துக்கும்."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. இந்த 'வயிறு ரொம்பினா படுத்துக்கும்' சங்கதியை அக்கா நைனாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பெட்ரோல் அதிகமாக இருந்தால் எந்த வண்டியாவது நிற்குமா என்று நாங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் அர்த்தமில்லாமல் பேசுகிறார் என்று தோன்றும் இடத்தில்தான், கண்ணுங்களா, காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

டாங்க்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்காகவே பழைய வண்டிகளில் மூடியிலேயே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைபட்டால் டாங்க்குக்குள் வெற்றிடம் சேரும், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது, சாற்று டப்பா மாதிரி. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் இறுகும். குறைவாக இருந்தால் காற்று நிறைய, கொஞ்ச தூரம் தாங்கும். பாட்டில் பெட்ரோலுக்கும் வண்டியின் பசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஊற்றுவதற்காக மூடியைத் திறக்கிறார் பாருங்கள், அதுதான் வைத்தியம். ஷெட்டில் நாங்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததும் அதே வைத்தியம்தான்; நின்ற இடத்தில் உறுமுவதற்குப் பெட்ரோலும் அதிகம் செலவாகாது.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். அமுதா அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"காத்துல ஓடறதுக்கு இது இன்னா பலூனா? பெட்ரோல் ஊத்தறேன், ஓடுது. கண்ணு முன்னாடி நடக்கறத வுட்டுட்டு கத சொல்லாத பாப்பா."

நியாயம்தான். அவருக்குத் தினமும் கண் முன்னால் நிரூபணம் நடக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு இன்ஜினியரிங் பட்டமும் காலி அட்டை டப்பாவும். கூடவே, பெண்களின் கால்மாட்டில் பெட்ரோல் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது, ஒரு தீப்பொறி போதும். அந்தப் பாட்டில் மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். மந்தைவெளியில் இறங்கும்போது, "குடுங்கக்கா, ஷெட்ல ரொப்பி எடுத்துட்டு வரேன்," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

ரொப்பவில்லை. மிச்சம் மீதியையும் கவிழ்த்து, ஒரு ஈரத் துண்டில் நன்றாகச் சுற்றினேன். வெயில் படக்கூடாது என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நாளைக்கு வண்டி நின்றால் மூடியைத் திறந்து காலி பாட்டிலை ஊற்றுவதுபோல் நடிப்பது என்ற என் திட்டத்தைக் கேட்ட நைனா தலையில் கை வைத்தார். "தப்பா போச்சுன்னா? கடைசி நாளு அது. நீ டெஸ்ட் எய்தறதுக்கு அந்தப் பொம்பளைங்க வேலைய பலி குடுப்பியா?"

இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் மூவரும் மறக்கவே கூடாது. நம் யோசனை தவறாக இருந்தால் அதன் விலையை யார் கொடுப்பார்கள்? அடுத்தவர்கள் என்றால், அந்தச் சோதனையைத் தொடாதீர்கள். அல்லது அந்த விலையை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வழி பாருங்கள். நான் பார்த்த வழி நைனாதான். கேனில் பெட்ரோலோடு அவர், பாலத்துக்கு முன்னால் வரும் மத்திய கைலாஷ் சந்திப்பில் நின்று, அங்கிருந்து ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே வரவேண்டும். என் யோசனை பொய்த்தால் உடனே ஊற்றி அனுப்பிவிடலாம். நான் திட்டு வாங்கிக்கொள்வேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் போய் வேனைப் பிடித்தேன். பெண்கள் அன்று அதிகம் பேசவில்லை. பிரிந்து போகப்போகிற வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு மரியாதை. தனம் அக்கா மட்டும் அமுதா அக்காவின் தோளைத் தொட்டு, "மனசுல வெச்சிக்காதடி. வவுத்துப் பாடு," என்றார். அமுதா அக்கா கியர் மாற்றினார்.

மத்திய கைலாஷில் நைனா நின்றிருந்தார். ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் இருந்த லட்சணத்தை இப்போதும் மறக்கமுடியவில்லை. பின்னாலேயே வந்தார். அடையாறு சிக்னலில் நாங்கள் நுழைந்தோம், சிவப்பு விழுந்தது. கண்ணாடியில் அவர் சின்னதாகி மறைந்தார்.

பாலத்தின் நடுவில் வேன் ஒரு முறை விக்கியது. இன்னொரு முறை விக்கியது. நின்றது.

பின்னால் பார்த்தேன். நைனா இல்லை. வந்து நின்றது மூர்த்தியின் வேன். புது பெயிண்ட் பளபளத்தது. அவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னா அமுதாக்கா, கடைசி நாளு அதுவுமா கூட உக்கார வெச்சிட்டியா? யம்மா, திங்கக்கெயம வரிக்கும் இன்னாத்துக்கு? இப்பவே ஏறுங்க. கரீட்டா டயத்துக்கு எறக்கி வுடறேன்."

யாரும் உடனே அசையவில்லை. பிறகு பின் இருக்கையில் ஒருத்தி பையை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. தனம் அக்கா கதவைத் தள்ளி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். அந்த வீட்டுக்கு இன்று தாமதமாகப் போனால் அவர் கதை முடிந்தது. அவரை யார் குறை சொல்லமுடியும்?

"ஊத்து பாப்பா," என்றார் அமுதா அக்கா.

துண்டு சுற்றிய பாட்டிலோடு இறங்கினேன். என் கையில் இருந்தது காற்று. பின்னால் நைனா வரும் வரை காத்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் வேன் காலியாகிவிடும். மூடிமேல் காதை வைத்துக்கொண்டு திருகினேன். அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது, சூடான ரசத்தை யாரோ சமையலறையில் தனியாக நின்று உறிஞ்சுவது போல, நீளமாக, 'ஸ்ஸ்ஸ்' என்று. டாங்க் மூச்சு வாங்குகிறது.

எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதியை நடிப்பில் தேற்றிக்கொண்டேன். பாட்டிலைச் சாய்த்து, அது காலி என்று யாரும் சந்தேகப்படாமல் இருக்க, வாயாலேயே 'குளுக் குளுக்' என்று சத்தமும் கொடுத்தேன். மூர்த்தி சந்தேகமாகப் பார்த்தார். மூடியைப் பொருத்தினேன். ஆனால் இறுக்கவில்லை, அரைத் திருகு தளர்த்தியே விட்டேன்.

"அடிங்கக்கா."

முதல் திருகலில் இருமல். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தனம் அக்கா கீழே வைத்த காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, "வரேன் மூர்த்தி, இன்னொரு நாளு பாப்போம்," என்று கதவைச் சாத்தினார்.

பாலம் இறங்கியதும் துண்டை அவிழ்த்தேன். பாட்டிலை எல்லோரும் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

பின் இருக்கையிலிருந்து ஒருத்தி எட்டிப் பாட்டிலின் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ இன்னாத்த ஊத்தின?" என்றார் தனம் அக்கா.

"ஒண்ணும் ஊத்தல."

"சத்தம் வந்துச்சே?"

"அது நான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பினார். "அமுதா, இத்தினி நாளா நம்மள ஒரு பாட்டில் ஏமாத்திக்கினு இருந்திருக்குடி."

கண்ணாடியில் அமுதா அக்காவின் கண்கள் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தன. கிரீன்வேஸ் சாலை வரை வண்டி விக்கவில்லை. மந்தைவெளியும் வந்தது. விக்கவில்லை.

இனிதான் நிஜமான சிக்கல். மூடித் துளை எதனால் அடைபட்டது?

மூடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூடியே தெரியாது. சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் சந்தனம் என்று காய்ந்து, மண்பானை ஓடு மாதிரி தடித்திருந்தது. வெகுநாள் முன்பு ஃபில்டர் அழுக்கால் வண்டி ஒருமுறை நின்றதாம். அன்று தனம் அக்காதான், கண் பட்டிருக்கும் என்று டாங்க் மூடியில் முதல் பொட்டை வைத்தார். வண்டி சாப்பிடும் வாய் அது, அங்கே வைத்தால் விசேஷம் என்று. பிறகு வெள்ளிதோறும் ஒருவர் முறை. வண்டி நிற்க நிற்க, பொட்டும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. பொட்டு பெரிதாக ஆக, வண்டியும் அடிக்கடி நின்றிருக்கிறது.

நம் ஷெட்டில் அத்தனை பேர் அந்த மூடியைத் திறந்தோமே, ஒருவர் கண்ணிலும் ஏன் படவில்லை? பட்டது. ஆனால் பொட்டைக் கலைக்கலாமா? நைனா இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் திருகுவார், திருகிவிட்டு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானும் அப்படியேதான். இயந்திரவியல் படித்த விரல்களும் ஓரத்தைத்தான் பிடித்தன. சந்தனம் இருக்கும் இடத்தில் கோளாறு இருக்கும் என்று நம் ஊரில் எந்த மெக்கானிக்குக்குத் தோன்றும்?

தூசி அடைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி, யாருக்கும் தெரியாமல் துளையைக் குத்திவிட்டு வந்திருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும். வாடிக்கையாளர் மனது நோகக்கூடாது என்று காரணத்தை மறைத்தால், அதே காரணம் இன்னொரு வாரத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிற்கும்.

இறங்கும் இடத்தில் வேனை நிறுத்தியதும், அந்தப் பெண்கள் கிளம்புவதற்கு முன் சொன்னேன்.

"மூடியில ஒரு ஓட்டை இருக்கு. வண்டி அது வழியாத்தான் மூச்சு விடும். அது..."

"அது?" என்றார் தனம் அக்கா. குரலில் எச்சரிக்கை இருந்தது.

நான் பதில் சொல்லாமல் என் விரலால் என் மூக்கின் இரண்டு துவாரங்களையும் மூடிக்கொண்டு, வாயையும் இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தேன். கன்னம் உப்பியது. கண் பிதுங்க ஆரம்பித்தது. நான் விடவில்லை.

தனம் அக்கா மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது.

"அடிப்பாவிங்களா. நெத்தின்னு நெனச்சிக்கினு மூக்குல அப்பி வெச்சிருக்கோமே."

வேனே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். யார் யார் முறையில் எவ்வளவு சந்தனம் குழைத்தார்கள் என்று அங்கேயே வழக்கு ஆரம்பித்தது. "நீதான்டி கட்டிக் கட்டியா வெப்ப." "நானா? நீ தயிர் சாதம் பெசயற மாதிரி பெசஞ்சத நான் பாக்கல?" அமுதா அக்கா இருக்கையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மூடியில் யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் தனம் அக்காவே புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினார். "சாமி, தப்பா எடுத்துக்காத," என்று முணுமுணுத்துவிட்டு, காய்ந்த சந்தனத்தைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, கீழே போடாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டார். துளை தெரிந்தது. ஊதிப் பார்த்தேன், காற்று போனது. வண்டிக்கு இனிமேல் பொட்டு முன் கண்ணாடிக்கு மேலே, நடு நெற்றியில் என்று தீர்மானம் ஆனது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தனம் அக்கா தெருவில் ஓடினார். நேரத்துக்குப் போய்விட்டார் என்று மாலையில் தெரிந்தது.

எல்லா சிக்னலிலும் மாட்டிக்கொண்ட நைனா அப்போதுதான் கேனோடு வந்து சேர்ந்தார். "இன்னா ஆச்சு?"

"உங்க பம்ப் நல்ல பம்ப், நைனா. பழைய பம்பும் நல்ல பம்ப்தான்."

அதற்குத்தான் முதல் முறையாக என் மேல் எண்ணெய்த் துணி விழுந்தது.

திங்கட்கிழமை மூர்த்தியின் வேன் தெருமுனையில் நின்றதாம். பெண்கள் அதன் முன்னாலேயே நடந்து போய் அமுதா அக்காவின் வேனில் ஏறினார்களாம். அமுதா அக்கா அன்று முழு டாங்க் போட்டிருந்தார்.

நேற்று மூர்த்தி நம் ஷெட்டுக்கு வந்தார். அமுதா அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"வண்டில பெட்ரோல் நாத்தம், மேடம். ஆளுங்க ஏறினாதான் வருது. எறங்கிட்டா போய்டுது. நாத்தம்னு யாரும் ஏற மாட்டேங்கறாங்க. யாரும் ஏறலன்னா நாத்தமே இல்ல. நான் இன்னான்னு காட்டறது?"

பெட்ரோல் வாசனை விளையாட்டு இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை வண்டியைத் தெருவில் எடுக்கக்கூடாது என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். டாங்க்குக்குப் போகும் ரப்பர் குழாய் எங்கோ வளைந்து வெடிப்பு விரிகிறது என்று நினைக்கிறேன். நினைப்பு போதாது, பார்க்கவேண்டும். அதற்கு இன்ஜினை அணைத்து, வண்டியை, அடிப்பக்கம் பார்க்க நம் ஷெட்டில் வெட்டியிருக்கும் குழியின் மேல் நிறுத்தி, ஆட்களை ஏற்றி இறக்கி, நான் கீழே படுத்துக்கொண்டு பார்க்கவேண்டும். சாதாரணமாக ஏறினால் போதாது. வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி இடித்துக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவராக உட்காரவேண்டும். நீங்கள் மூன்று பேரும் நைனாவும் சேர்ந்தாலும் பாதி வண்டி நிறையாது.

அப்படி உட்காரத் தெரிந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு அவர்கள் வேலை முடிந்து மந்தைவெளியில் கூடும்போது, சத்தியத்தைக் காப்பாற்ற அமுதா அக்காவின் வேன் வருவதற்கு முன்னாலேயே, தனம் அக்காவிடம் போய், மூர்த்தி வேனில் ஒரு தடவை ஏறி உட்காருகிறீர்களா என்று கேட்கப்போகிறேன். உங்களில் ஒருவர் என்னோடு வாருங்கள். வேகமாக ஓடத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.